ஆளை விடாத அக்கா

எங்கள் சங்கத்தில் சேருவது சுலபம். கையில் ஒரு கேமரா இருந்தால் போதும். இல்லாவிட்டாலும் அடுத்த மாதம் வாங்கப்போகிறேன் என்று சொன்னால் போதும். ஆனால் அக்கா உறுப்பினர்களைக் கவனிக்கிற செயலாளராக இருந்தவரைக்கும் சங்கத்தை விட்டுப் போவது மட்டும் யாருக்கும் சுலபமாக அமையவில்லை.

சங்கம் என்றால் போட்டோ, வீடியோ எடுக்கிறவர்களின் மாவட்டச் சங்கம். தலைமை தர்மபுரியில். காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பொம்மிடி என்று ஊருக்கு ஊர் கிளைகள். என்னுடைய ஸ்டூடியோ காரிமங்கலத்தில். அக்காவின் கடை பொம்மிடியில், ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில் இருந்தது. அக்கா கேமரா தூக்குகிறவர் இல்லை. நாங்கள் எடுத்துக் கொடுக்கிற கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்து அடுக்கி, ஆல்பமாக வடிவமைத்துத் தருகிறவர். மாவட்டத்தில் பாதிக் கல்யாணங்கள் அக்காவின் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். அதனால் முன்பின் பார்த்திராத ஜனங்களை எல்லாம் அக்காவுக்குத் தெரியும். ஒருமுறை தர்மபுரி பஸ் நிலையத்தில், கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண்ணிடம் நேராகப் போய், "உங்க ரிசப்ஷன்ல கேக் ஊட்டறப்ப நீங்க கண்ண மூடிட்டீங்க. நான்தான் தொறந்து வெச்சேன்" என்றார். அந்தப் பெண் பயந்துபோய்ப் புருஷனைத் தேடியது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

குள்ளமான உருவம். மூக்குக் கண்ணாடி பெரும்பாலும் தலைமேல் ஏறி இருக்கும். புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். கேட்டால், "செருப்பப் போட்டுகிட்டு பஸ்ஸ ஓடிப் புடிக்க முடியாதுங்க தம்பி" என்பார். பஸ்ஸை ஓடிப் பிடிப்பது எதற்காக என்றால், எங்களை ஓடிப் பிடிப்பதற்காக.

நான் சங்கத்துக்குப் போவதை நிறுத்தியிருந்த சமயம் அது. ஆறேழு கூட்டங்கள் போகவில்லை. அந்த வருஷம் உறுப்பினர் அட்டையையும் புதுப்பிக்கவில்லை. யாரும் கவனிக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தை நாள், வெளியே ஆட்டுச் சத்தமும் லாரிச் சத்தமுமாக இருக்கிறபோது, கான்வாஸ் ஷூ போட்ட ஓர் அம்மா உள்ளே வந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். ஸ்டூலில் உட்காரவைத்தேன். நான் ஃபோகஸ் வைக்கும்போதெல்லாம் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்கம்மா, ஆடிடும்."

"பேசலைங்க தம்பி. கேக்கறேன். ஏன் சங்கத்துக்கு வர்றதில்ல?"

நான் போகாத நாட்களில் புதிதாகச் செயலாளர் ஆகியிருந்த பொம்மிடி அக்கா என்று அப்போதுதான் தெரிந்தது. ஏதாவது சொல்லி அனுப்பிவிட வேண்டுமே என்று, "அங்க வந்து என்னாங்க்கா ஆவுது? ஒரு டீயக் குடிச்சிட்டு வர்றோம். அந்த டீயும் நல்லா இருக்கறதில்ல" என்றேன்.

அக்கா அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆளை விட்டார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. அக்கா போனில் ஹலோ சொல்ல மாட்டார். எடுத்த எடுப்பில், "இருக்கீங்களா?" என்பார்.

"இருக்கறேங்க்கா."

"டீ மாஸ்டர மாத்தியாச்சு. இஞ்சி தட்டிப் போடறாரு. ஞாயித்துக்கிழமை நவமி, யாருக்கும் முகூர்த்தம் இல்ல. வந்துருங்க."

போனேன். போகாமல் என்ன செய்வது? கூட்டம் தொடங்கும்போதே அக்கா எழுந்து, "காரிமங்கலத்துத் தம்பி டீ சரியில்லேன்னு வர்றத நிறுத்திட்டாரு. மாத்திட்டோம். இன்னும் யாருக்கு என்ன கொறை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். டீக்காக சங்கத்தை விட்டவன் என்ற பெயர் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

அக்காவின் வழி இதுதான். விட்டுப்போகிறேன் என்று யார் சொன்னாலும் கெஞ்ச மாட்டார், திட்ட மாட்டார். காரணம் கேட்பார். சொல்கிற காரணத்தை அப்படியே நம்புவார். நம்பிவிட்டு, அந்தக் காரணத்தைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பார். பென்னாகரத்தில் ஒருவர் மாடிப்படி ஏற முட்டி வலிக்கிறது என்றார். அடுத்த கூட்டம் கீழ்த்தளத்துக்கு வந்தது. ஒருவர் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார். கூட்டத்தையே அவருடைய கடைக்குள் நடத்தினார் அக்கா. பாலக்கோட்டில் ஒரு வீடியோக்காரர், "எங்க வூட்ல விடமாட்டேங்கறாங்க" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். அக்கா அவர் வீட்டுக்குப் போய் அந்தம்மாவிடமே பேசினார். அந்தம்மா, "நான் எப்பங்க வேண்டாம்னேன்? இவரு எங்க போறாருன்னு சொல்றதே இல்ல" என்றார். அடுத்த கூட்டத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக வந்தார்கள். இன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் டிரோன் ஓட்டுவதில் அந்தம்மாவை அடிக்க ஆள் இல்லை.

அதற்கப்புறம் அக்காவிடம் பொய்க் காரணம் சொல்ல எல்லோருக்கும் பயம். அரூரில் ஒருத்தர் தெருமுனையில் அந்த ஷூவைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். அக்கா எதிர் பேக்கரியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பஸ் வந்தது, போனது. இன்னொரு பஸ்ஸும் போனது. கடைசியில் அந்த மனிதர் ஒன்றுக்குப் போக வெளியே வந்தே ஆக வேண்டியிருந்தது.

"போயிட்டு வாங்க, நான் இருக்கறேன்" என்றாராம் அக்கா.

இது தொல்லை என்று சொன்னவர்களும் உண்டு. நானே சொல்லியிருக்கிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேர், பாகத்தகராறில் பேச்சுவார்த்தை இல்லை, அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்று இருவருமே சொல்லி அனுப்பினார்கள். அக்கா இருவரையும் ஒரே ஷேர் ஆட்டோவில் எதிரும் புதிருமாக உட்காரவைத்துக் கூட்டி வந்தார். வழியெல்லாம் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. "பேசலையேக்கா" என்றேன். "பேசணும்னு யாரு சொன்னா? வரணும். அவ்வளவுதான்" என்றார். அவர்கள் இன்றுவரை பேசிக்கொள்ளவில்லை. இன்றுவரை கூட்டத்துக்கு வராமலும் இருந்ததில்லை.

எங்கள் காரிமங்கலம் கிளைதான் மாவட்டத்திலேயே பெரியது. ஆட்கள் எண்ணிக்கை நூற்றுக்கும் மேலே போய்விட்டிருந்தது. கிளைத் தலைவருக்கு அதில் தனிப் பெருமை. மைக் கிடைத்தால் முதல் வார்த்தை அதுதான். அக்காவின் பொம்மிடிக் கிளையில் ஒரு டஜன் பேர். ஒரு டீக்கடை பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தால் முடிந்தது. எங்கள் ஆண்டு விழாவை மண்டபம் எடுத்து பிரியாணியோடு நடத்தினோம். அக்கா விருந்தாளியாக வந்திருந்தார். என் பக்கத்து இலையில் ஒரு பெரியவர் நன்றாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்து கேட்டார்.

"யாருங்க தம்பி அவரு?"

"நம்ம மெம்பர்தாங்க்கா. மாட்லாம்பட்டிப் பக்கம்னு நெனைக்கறேன்."

"இல்லீங்க. பக்கத்து ஹால்ல டிராக்டர் கம்பெனி மீட்டிங்காம். அங்க சைவமாம். இங்க வந்துட்டாராம்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"நூறு பேர் இருக்கறீங்க. யாரோ ஒருத்தரு நடுவுல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போறாரு, ஒருத்தருக்கும் தெரியல. அப்ப உங்கள்ல ஒருத்தரு வரலைன்னாலும் தெரியாதுதானே? இது கிளையா, பந்தியா?"

"அப்ப ஒரு கிளையில எத்தன பேர் இருக்கலாங்கறீங்க?"

"எண்ணிக்கை எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஒருத்தரு வரலைன்னா, எங்க அவருன்னு கேக்காம கூட்டத்த ஆரம்பிக்க முடியக்கூடாது. அவ்வளவு பேரு."

இதை அவர் எங்கள் கிளைத் தலைவரிடமும் சொல்லி, காரிமங்கலத்தை இரண்டு மூன்றாகப் பிரித்துவிடுங்கள் என்றார். தலைவர், "பொம்மிடியில ஆள் சேர மாட்டேங்குது, அந்தம்மாவுக்குப் பொறாமை" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார். போதாக்குறைக்கு அந்தச் சமயத்தில் மாநிலச் சங்கத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. முப்பது பேருக்குக் குறைவான கிளைகளைக் கலைத்துப் பக்கத்துக் கிளையோடு சேர்க்க வேண்டும் என்று. பொம்மிடிக்கு அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அந்த வைகாசியில்தான் மாதேஷ் விஷயம் நடந்தது.

மாதேஷ் எங்கள் கிளைப் பையன். தொழிலுக்கு வந்து நாலைந்து வருஷம் இருக்கும். நல்ல கை. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தக்காளி விவசாயி வீட்டுக் கல்யாணத்துக்கு ஆர்டர் எடுத்திருந்தான். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே காய்ச்சல். விடியும்போது தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. எழுந்து நிற்க முடியவில்லை. கிளையின் வாட்ஸப் குழுவில் மண்டபத்தின் பெயரைப் போட்டு, 'யாராவது போங்கண்ணா, ப்ளீஸ்' என்று எழுதியிருக்கிறான்.

நான் அன்றைக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். போன் பைக்குள் கிடந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எடுத்துப் பார்த்தேன். மாதேஷின் செய்திக்குக் கீழே வரிசையாகப் பதில்கள். கும்பிடுகிற கைகள். 'உடம்பைப் பாத்துக்க தம்பி.' 'யாராச்சும் போங்கப்பா.' 'பாலக்கோடு பக்கம் இருக்கிறவங்க போகலாமே.' இப்படி ஒரு முழம். போனவர் யார் என்று தேடினால் யாரும் இல்லை. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள்கூட, இத்தனை பேரில் யாராவது போயிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். கேமராக்காரர் இல்லாமலே தாலி கட்டி முடிந்துவிட்டது.

பெண்ணின் அப்பா மாதேஷ் கடைக்கே வந்து, தெருவே கூடுகிற மாதிரி சத்தம் போட்டுவிட்டுப் போனார். மாதேஷ் வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறினான். சங்கத்திலிருந்தும் விலகுவதாகச் செய்தி அனுப்பினான். கேமராவை விற்றுவிட்டு ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகப்போவதாகப் பேச்சு வந்தது.

மறுநாளே அக்கா இரண்டு பஸ் மாறி வந்துவிட்டார். நான்தான் பைக்கில் அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மாதேஷ் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதுக்குங்க தம்பி போறீங்க?"

அவன் திரும்பாமலே சொன்னான். "எல்லாரும் பாத்தாங்கக்கா. ஒவ்வொருத்தர் பேராத் தொட்டுப் பாத்தேன். நீல டிக்கு விழுந்திருந்திச்சு. நூறு பேர் இருக்கற சங்கம்னு சொல்லித்தான் அந்த வூட்ல ஆர்டரே வாங்கினேன். ஒருத்தர் வரல."

அக்கா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மாதேஷின் அம்மாவும் நிலைப்படியில் நின்று காத்திருந்தார். அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். மறுபடி போட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். எழுந்து அவன் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும்தான் சொன்னார்.

"தம்பி, அவரு சொன்ன காரணம் நெசம். இத்தன வருசத்துல யாரும் என்கிட்ட நெசமான காரணம் சொன்னதில்ல. இதுக்கு டீய மாத்த முடியாது."

அவர் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸை ஓடிப் பிடிக்காமல் நடந்துபோய் ஏறினார்.

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் காலையில் போன். "இருக்கீங்களா? அந்தப் பொண்ணு வூடு எங்கன்னு விசாரிச்சு வையுங்க. வர்றேன்."

"வேண்டாங்க்கா. அடிக்கவே வந்துருவாரு அந்த மனுசன்."

"நம்மள அடிச்சா அவருக்குக் கோபம் தீருதுன்னா தீரட்டுங்க."

போனோம். தோட்டத்து வீடு. முற்றத்தில் தக்காளிக் கூடைகள் அடுக்கிக் கிடந்தன. பெண்ணின் அப்பா கூடைக்குச் சணல் கட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். போட்டோ சங்கத்திலிருந்து வருகிறோம் என்று நான் சொன்னதுதான் தாமதம், சணலைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தார். இரண்டு பாஷையிலும் ஏச ஆரம்பித்தார். அக்கா கேட்டுக்கொண்டே நின்றார். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, தனக்குத் தெரிந்த ஒரே கன்னட வாக்கியத்தை எடுத்துவிட்டார்.

"ஊட்டா ஆய்த்தாங்க?"

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பொம்பளை சிரிப்பு கேட்டது. அந்த மனிதர் திகைத்துப்போனார்.

"ஏம்மா, போட்டோ எங்கன்னு கேட்டா சோறு தின்னியான்னு கேக்கறயே!"

"சாப்பிடாம கோபப்பட்டா வவுறு எரியுங்க. தப்பு எங்க பேர்லதான். நாங்க நூறு பேரு இருந்தும் ஒருத்தரும் வரல. அதுக்குத்தான் வந்து நிக்கறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, கல்யாணத்துக்கு எத்தன பேரு வந்தாங்க?"

"ஆயிரம் பேருக்குச் சமையல்."

"அதுல கையில செல்போன் இல்லாதவங்க எத்தன பேரு இருப்பாங்க?"

அவர் கீழே கிடந்த சணலைக் குனிந்து எடுத்தார்.

"அப்ப உங்க பொண்ணு கல்யாணத்த யாரும் எடுக்கலேன்னு சொல்லாதீங்க. ஆயிரம் பேரு எடுத்திருக்காங்க. அது இங்க வந்து சேரல, அவ்வளவுதான். எனக்கு ஒரு மாசம் டைம் குடுங்க."

பொம்மிடிக் கிளை முழுக்கக் கிளம்பியது. வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால் படம் நசுங்கிப்போகும், நேரில் போய் கேபிள் போட்டு எடுக்க வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, ஓசூர் என்று சொந்தக்காரர்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் ஆளுக்கொரு திசையாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் ஆனேக்கல்வரை போனார். போன வீட்டிலெல்லாம் களியும் கோழிக் குழம்பும் போட்டு அனுப்பினார்களாம். பெண் வீட்டின் கல்யாணக் களை இன்னொரு தடவை ஊர் ஊராகச் சுற்றி வந்த மாதிரி ஆகிவிட்டது. காரிமங்கலத்திலிருந்து நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டோம். உடம்பு தேறியதும் மாதேஷும் வந்தான். அக்கா அவனைக் கூப்பிடவில்லை. அவனாகத்தான் வந்து கடை வாசலில் நின்றான். அக்கா நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார்.

வந்து சேர்ந்த படங்களைப் பார்த்தால் தலை சுற்றும். பாதிப் படங்களில் கட்டை விரல். கோணல். முன்னால் நிற்கிறவரின் குடுமி. சமையல் அறையிலிருந்து எடுத்தவை. கைகழுவுகிற இடத்தில் எடுத்தவை. தாலி கட்டுகிற நேரத்தைப் பெண்ணின் காலேஜ் தோழி ஒருத்தி நன்றாகவே எடுத்திருந்தாள். பெண்ணின் தாய்மாமன் ஒருவர் வீடியோ எடுப்பதாக நினைத்துக்கொண்டு முன்பக்கக் கேமராவை அழுத்திவிட்டார். கெட்டிமேளம் கொட்டி ஓய்கிறவரை பதிவானதெல்லாம் அவருடைய முகம்தான். பெரிய மீசை. அந்த மீசைக்குமேல் கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது, துடைக்கக்கூட மறந்துபோய் மேடையைப் பார்க்கிறார். எங்களில் ஒருத்தர் அதை அழிக்கப்போனார். அக்கா கையைத் தட்டிவிட்டார். அதில் ஒரு காட்சியை எடுத்து ஆல்பத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு வைத்தார். எதிர்ப்பக்கத்தில் தாலி கட்டுகிற படம்.

ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அக்கம்பக்கமெல்லாம் கூடி, "இது நான் எடுத்தது", "இது எம்மவ எடுத்தது" என்று ஒரே கூச்சல். பெண்ணின் அப்பா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்தவர், மச்சான் முகத்துப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இவன் அழுது நான் பாத்ததே இல்லியே" என்றார். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. பிறகு நிமிர்ந்து, கூட்டத்தின் பின்னால் ஒதுங்கி நின்ற மாதேஷைப் பார்த்து, "வாப்பா, வந்து உக்காரு. காச்சல் தேவலையா?" என்று கேட்டார். மாதேஷ் அங்கேயே அழுதுவிட்டான்.

கிளைகளைச் சேர்க்கிற கூட்டம் அஷ்டமி அன்று தர்மபுரியில் நடந்தது. மாவட்டத் தலைவர் உத்தரவைப் படித்தார். பொம்மிடிக் கிளையைக் கலைத்து அரூரோடு சேர்ப்பது என்பது முதல் விஷயம். கருத்து உண்டா என்று கேட்டார். எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். மாதேஷ் எழுந்தான்.

"நான் சங்கத்துல இருந்து விலகறதா எழுதியிருந்தேனுங்க. அத வாபஸ் வாங்கறேன். ஆனா காரிமங்கலத்துல வேண்டாம். எனக்குப் பொம்மிடிக் கிளை வேணும்."

"ஏப்பா, அது எங்க இருக்குது, நீ எங்க இருக்கற?"

"தூரம்தாங்க. அங்க இருந்துதான் வந்தாங்க."

எங்கள் கிளையில் இன்னொருவர் கை தூக்கினார். "எனக்கும் பொம்மிடி." பின்னாலிருந்து இரண்டு கை. அப்புறம் நாலு. பாலக்கோட்டு டிரோன் அம்மா கை தூக்கி, புருஷன் கையையும் பிடித்துத் தூக்கினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொம்மிடிக் கிளை முப்பதைத் தாண்டி எங்கோ போய்விட்டது. கிளை பிழைத்தது என்று நான் கை தட்டப் போனேன்.

அக்கா துள்ளி எழுந்தார். "ஐயையோ, வேண்டாங்க! வராதீங்க!"

இத்தனை வருஷம் யாரையும் விட மாட்டேன் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிய மனுஷி, இரண்டு கையையும் நீட்டி எங்களைத் தடுக்கிறார். ஹாலே சிரித்துவிட்டது. மாவட்டத் தலைவரும் சிரித்தார்.

"என்னாம்மா இது? இவங்கள சேத்துகிட்டா உங்க கிளை தப்பிச்சிரும். இல்லேன்னா மூடிருவாங்க."

"மூடட்டுங்க. போர்டத்தான கழட்டுவாங்க? நாங்க பத்துப் பன்னண்டு பேரும் அதே டீக்கடையிலதான் உக்காந்திருப்போம். இவங்க எல்லாம் வந்துட்டா, யாரு வந்தாங்க யாரு வரலன்னு நான் எப்பிடிங்க கண்டுபுடிப்பேன்? அந்த மாதேஷ் தம்பி மட்டும் வரட்டும். மத்தவங்க அவங்கவங்க ஊர்லயே சின்னதா ஒண்ணு வெச்சிக்குங்க. ஒருத்தருக்கு ஒடம்புக்கு முடியலைன்னா அடுத்தவருக்குத் தெரியற மாதிரி. அது போதும்."

எங்கள் கிளைத் தலைவர் எழுந்தார். பெரிதாகச் சண்டை போடப்போகிறார் என்று நினைத்தேன். மாதேஷுக்கு அந்தக் கல்யாணம் தவறிப்போன நாளிலிருந்து அவரும் தூங்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. "பிரிச்சிருங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். காரிமங்கலம் அன்றே ஐந்து கிளையாகப் பிரிந்தது. அதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்களும் பிரிந்துகொண்டார்கள். மாவட்டத்தில் முப்பது பேர் உள்ள கிளை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு மாவட்டத்தையே கலைக்க மாநிலச் சங்கத்தால் முடியுமா? அந்த உத்தரவைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம் அட்டையைப் புதுப்பிக்காதவர்கள் என்று சொல்ல ஆளே இல்லை.

அக்காவின் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார். அடுத்த வருஷமே அவருக்குப் பாலக்காட்டுப் பக்கம் மாற்றல் வந்து குடும்பத்தோடு போய்விட்டார்கள். அதன் பிறகு நான் அக்காவை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். மாதேஷ் கல்யாணத்தில்.

காரிமங்கலத்தில் மண்டபம். யாரையும் கேமராவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டிய தேவையே இருக்கவில்லை. எல்லோருமே கேமராவோடு வந்திருந்தோம். என் தம்பி கல்யாணம் மாதிரி, நான்தான் எடுப்பேன் என்று எல்லோருக்கும் ஆசை. மேடையின் இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், லைட் பிடிக்கிறவர்கள் வேறு. தலைக்குமேல் டிரோன். ஐயர் புகையில் இருமுகிறாரா, எங்கள் நெரிசலில் இருமுகிறாரா என்று தெரியவில்லை. கீழே உட்கார்ந்திருந்தவர்கள், "ஏப்பா, மறைக்காதீங்கப்பா, பொண்ணு மூஞ்சியே தெரியல" என்று கத்தினார்கள். யார் காதிலும் விழவில்லை.

அப்போது புடவையும் கான்வாஸ் ஷூவுமாக அக்கா மேடையில் ஏறினார். ஐயரே நிமிர்ந்து பார்த்தார். அக்கா ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"ஒரு கல்யாணத்துக்கு எத்தன பேருங்க வேணும்? எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க. கேமராவப் பையில போடுங்க."

"அக்கா, நான் ஒருத்தன் மட்டும்..."

"நீங்களுந்தாங்க தம்பி."

பேச்சுவார்த்தை இல்லாத அந்த அண்ணன் தம்பிகளில் மூத்தவரை மட்டும் போட்டோவுக்கு நிறுத்தினார். இளையவர் வீடியோ எடுக்கட்டும் என்றார். மற்ற எல்லோரையும் ஆட்டுமந்தையை ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். இரண்டாம் வரிசையில் நாற்காலி பிடித்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இருபது வருஷமாகக் கல்யாண மண்டபங்களில்தான் என் பிழைப்பு. தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் ஒரு சின்னச் சதுரத்தைத்தான் இத்தனை நாள் பார்த்திருக்கிறேன். இரண்டு கண்ணாலும் பார்த்ததில்லை. பெண்ணுக்குக் கழுத்து குனிகிறபோது காது சிவப்பதை அன்றுதான் பார்த்தேன். மாதேஷின் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். யாரோ தட்டோடு வந்தார்கள். அக்கா ஒரு பிடி அட்சதை எடுத்து, பாதியை என் உள்ளங்கையில் கொட்டினார்.

கெட்டிமேளம் என்றார் ஐயர். மேளம் கொட்டியது, எல்லோரும் எழுந்தோம். நான் அரிசியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"போடுங்க தம்பி" என்றார் அக்கா. "எடுத்துகிட்டே இருந்தா எப்பிடி, வாழ்த்த வேண்டாமா?"

போட்டேன். கை பழகாததால் பாதி அரிசி முன்னால் இருந்தவர் தலையில் விழுந்தது. மீதி, மாதேஷுக்குப் போய்ச் சேர்ந்தது.